தானாய்க் கழன்ற பக்கங்கள்

நாலாயிரத்து இருநூறு பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகங்களும் மழையும் ஒரே நாளில் வந்து இறங்கின. லாரிக்காரர் தார்ப்பாயை விலக்கிவிட்டு, "எங்க வைக்கிறது?" என்று கேட்டார். பைண்டருக்கும் அதுதான் தெரியவில்லை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. வெட்டும் மெஷின், அழுத்தும் பிரஸ், தையல் சட்டம், பசைச் சட்டி, அக்காவின் முக்காலி எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தன. கட்டுகள் கூடத்தில் ஏறின, நடையில் ஏறின, கட்டிலுக்கு அடியில் நுழைந்தன. விடுமுறையிலும் பள்ளிக்கூட வேலையாகப் போய்விட்டுச் சாயங்காலம் வந்த டீச்சர், குடையை விரித்து உலர்த்தக்கூட இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"என்னங்க இது?"

"பாடப் புத்தகம்."

"அது தெரியுது. அச்சடிச்சு, தைச்சு, அட்டை போட்டு முடிஞ்ச புத்தகம். உங்களுக்கு இதுல என்ன வேலை?"

பைண்டர் பசை கிண்டுவதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினார். பதில் சொன்னது அவருடைய அக்கா.

"ஒம்பதாம் பாடத்தை வெட்டி எடுக்கணுமாம். உன் பாடம்தான், டீச்சரம்மா."

டீச்சர் குடையை அப்படியே மழையில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அந்த ஒன்பதாம் பாடத்தைப் பற்றி ஊரில் ஒன்றரை வருஷமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிர் கோடிக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்ல மாறி வந்தது என்று சொல்லும் பாடம் அது. நூற்றிருபத்தொன்றிலிருந்து நூற்றிருபத்தெட்டு வரை, எட்டுப் பக்கம். படைத்தவர் என்று ஒருவர் இருக்கும்போது அவரை ஒரு வார்த்தை கேட்காமல் இப்படி எழுதலாமா என்பது பெற்றோர் சங்கத்தின் கேள்வி. எழுதியது எழுதியபடியே இருக்கட்டும், அவருக்கும் தனியாக எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள் என்றார்கள் முதலில். கல்வித் துறை யார் பக்கமும் சாயாத துறை. எட்டு அமர்வு உட்கார்ந்து, எட்டு முறை தேநீர் குடித்து, இரு தரப்புக்கும் சமமாக ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது. ஒன்பதாம் பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு தாளை ஒட்ட வேண்டும். அந்தத் தாளில் இருந்தது ஒரே வரி: 'உயிர்கள் தோன்றிய விதத்தை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்க.'

கடைசி அமர்வில் டீச்சரும் பேசினார். இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தார். கோழி இறக்கையை வேகவைத்து, சதையை நீக்கி, எலும்புகளை வரிசையாக ஒரு பலகையில் கட்டிக் கொண்டுபோயிருந்தார். "இது மேல்கை எலும்பு, ஒண்ணு. இது முன்கை, ரெண்டு. உங்க கையைத் தடவிப் பாருங்க, மேல ஒண்ணு, கீழ ரெண்டு" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் முழங்கையைத் தடவிப் பார்த்தார்கள். தடவிப் பார்த்துவிட்டு, அதே கையை எதிராகத் தூக்கினார்கள்.

"உங்களுக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்று கேட்டார் டீச்சர் இப்போது.

"இந்த ஊர்ப் பள்ளிக்கூட வேலை முழுக்க நான்தானே செய்றேன். இதை மட்டும் மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

"நான் வெட்டலேன்னா இன்னொருத்தன் வெட்டுவான். அவன் அசிங்கமா வெட்டுவான்."

"ஆகா. அழகா வெட்டுங்க. பள்ளிக்கூடம் திறந்ததும் நான் வகுப்புல போய், என் வீட்டுக்காரர் எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்கார் பாருங்கன்னு காட்டறேன்."

"சண்டையைச் சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றாள் அக்கா. "சோறு ஆறுது. முட்டையும் ரெண்டுதான் இருக்கு. யார் ஜெயிக்கிறீங்களோ அவங்களுக்கு."

இரண்டு முட்டையையும் அவளே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, கல்வித் துறை அதிகாரி குடையோடும் கோப்போடும் வந்தார். பைண்டர் மாதிரிக்கு ஒரு புத்தகத்தை வெட்டி வைத்திருந்தார். அதிகாரி அதைப் பிரித்து, மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது என்ன, நடுவுல அரை விரலுக்குத் துண்டு நீட்டிக்கிட்டு இருக்கு?"

"அது இருக்கணும் சார்."

"இருந்தா, இங்க எதையோ வெட்டியிருக்காங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடும். அடியோட எடுங்க."

"அடியோட எடுத்தா முன்பக்கம் கழண்டுடும் சார்."

"ஒரு தாளை வெட்டினா அந்தத் தாள்தானே வரும்? முன்னாடி இருக்கற தாள் எதுக்கு வருது?"

பைண்டர் பொறுமையாகச் சொன்னார். புத்தகம் தனித்தனித் தாளாகத் தைக்கப்படுவதில்லை. பெரிய தாளை மடித்து, பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரமாக்கி, மடிப்பில் நூலோட்டித் தைப்பார்கள். இந்தப் பாரம் நூற்றுப் பதின்மூன்றில் தொடங்கி நூற்றிருபத்தெட்டில் முடிகிறது. பின்பாதி ஒன்பதாம் பாடம். முன்பாதி எட்டாம் பாடத்தின் கடைசிப் பகுதி, அதாவது சிறுநீரகம். நூல் பிடித்திருப்பது மடிப்பைத்தான். மடிப்போடு பின்பாதியை எடுத்துவிட்டால், முன்பாதியைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

"பாக்கறதுக்குத்தான் சார் வேற வேற தாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒண்ணுதான்."

"ஒட்டிடுங்க."

"மழையா இருக்கே சார்."

"மழைக்கு நான் உத்தரவு போட முடியாது. பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு அதிகாரி குடையை எடுத்துக்கொண்டார். துண்டு விடக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள் என்று பைண்டர் கேட்டிருக்கலாம். எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

வேலை தொடங்கியது. பைண்டர் புத்தகத்தை முழுக்க மலர்த்தி, இரும்பு அளவுகோலை மடிப்பில் பதித்து, கத்தியை ஒரே இழுப்பாக இழுப்பார். நான்கு தாள் உருவிக்கொண்டு வரும். கழன்ற முன்பாதியின் விளிம்பில் அக்கா நூல் அகலத்துக்குப் பசை தடவி, பக்கத்துப் பாரத்தோடு அணைத்து, மேலே அந்த ஒற்றைத் தாளை ஒட்டி, பழந்துணியால் துடைத்து அடுக்குவாள். அடுக்கு உயர்ந்ததும் பிரஸ்ஸில் வைத்து இறுக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்தில் உலரும் பசை, இப்போது ராத்திரி முழுக்க இறுக்கி வைத்தாலும் காலையில் கைக்கு ஈரமாகவே இருந்தது. சுவர் வியர்த்தது. தாள் கனத்தது. மின்விசிறி ஈரக்காற்றையே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி விளிம்புகளில் தேய்த்துப் பார்த்தார்கள். பத்துப் புத்தகத்துக்குப் பிறகு பெட்டியே மூச்சை விட்டுவிட்டது.

ஆறாம் நாள் டீச்சரும் வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. படுக்க இடம் வேண்டுமென்றால் கட்டுகள் குறைய வேண்டும், அவ்வளவுதான். வெட்டுகிற வேலையை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லி, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டார்.

அக்கா பக்திக்காரி. நூறு புத்தகத்துக்கு ஒரு முறை கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டுத்தான் அடுத்த நூறைத் தொடுவாள். படைத்தவர் விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வெட்டிப் போட்ட தாள்களைக் கட்டும்போது நூற்றிருபத்தைந்தாம் பக்கத்துப் படம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, இது என்ன மீனா?"

"திமிங்கிலம், அண்ணி."

"துடுப்புக்குள்ள விரல் போட்டிருக்கு?"

"உள்ள நெசமாவே விரல் எலும்பு இருக்கு. அஞ்சு."

"பிடிக்கிறதுக்கா?"

"ஒண்ணும் பிடிக்காது. சும்மா இருக்கு."

அக்கா தன் பசை விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப அவர் எதுக்கு வேலை மெனக்கெட்டு அஞ்சு விரல் செஞ்சு உள்ள வச்சாராம்?"

"அதைத்தான் அந்த எட்டுப் பக்கத்துல எழுதியிருக்கு, அண்ணி."

அக்கா அந்தத் தாளைக் கட்டோடு சேர்த்து இறுக்கினாள். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ என்னடா வாயைப் பாத்துக்கிட்டு இருக்கே? வெட்டு" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. வீடு காலியாகத் தெரிந்தது. பசை நாற்றம் மட்டும் போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம் சிறுநீரகம் விழத் தொடங்கியது. முதலில் முன்வரிசைப் பெண் ஒருத்தி புத்தகத்தைப் பிரித்தபோது நான்கு தாள் நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுப்பதற்குள் பக்கத்துப் பெண்ணுக்கு விழுந்தது. மாதக் கடைசியில் வாசலில் தேங்கிய தண்ணீரில் சிறுநீரகத்தின் நீள்வெட்டுத் தோற்றம் மிதந்தது. சைக்கிள் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு வீடு வரை போனது. கடலை விற்பவர் அதில் பொட்டலம் மடித்தார். ஊரில் அநேகமாக ஒரு புத்தகத்துக்கும் சிறுநீரகம் இல்லை என்ற நிலை வந்ததும், பெற்றோர் சங்கத் தலைவர் விசாரணை கேட்டார்.

தலைவர் ஊரின் மாவு மில்காரர். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் முதலில் போய்ப் பார்ப்பவர். பைண்டரின் பசைக்கு மாவு போனதும் அவருடைய மில்லிலிருந்துதான். தலைமையாசிரியர் அறையில் அவரும் அதிகாரியும் மேஜைக்கு அந்தப் பக்கம், டீச்சரும் பைண்டரும் இந்தப் பக்கம். அக்காவும் வந்திருந்தாள். ஒட்டியவள் தான்தான் என்று வாசலிலேயே சொன்னாள். நீங்கள் வெளியே இருங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். கடைசி வரை தேவைப்படவில்லை.

"டீச்சர் மேல எனக்குக் கோவமே இல்ல" என்று ஆரம்பித்தார் மில்காரர். "என் பொண்ணு அவங்ககிட்டதான் படிச்சா. ஆனா பாருங்க, ஒரு புத்தகத்துல விழுந்தா சரி, தற்செயல். நாலாயிரத்து இருநூறுலயும், ஒரே எடத்துல, ஒரே நாலு தாள். யாரும் செய்யாம அது எப்படிங்க தானா நடக்கும்?"

"தானாத்தாங்க நடந்துது" என்றார் டீச்சர். "எல்லாத்தையும் ஒரே மாதிரி வெட்டினாங்க. ஒரே பசை, ஒரே மழை. அதனால ஒரே மாதிரி விழுந்துது."

"அழகாச் சொல்றீங்க. ஆனா ஒரு ஒழுங்குன்னு இருந்தா, பின்னாடி ஒருத்தர் இருந்துதானே ஆகணும்?"

"பின்னாடி ஒரு மடிப்பு இருக்கு. அவ்வளவுதான்."

அதிகாரி 'மடிப்பு' என்று குறித்துக்கொண்டார்.

"பாடத்தை எடுக்கக் கூடாதுன்னு கூட்டத்துல பேசினது நீங்க. பாடத்தை எடுத்தவர் உங்க வீட்டுக்காரர். எடுத்ததுக்கு அப்புறம் புத்தகமே உதிருது. இதெல்லாம் தனித்தனியா நடந்ததுன்னு சொன்னா ஒரு பச்சைப் பிள்ளையாவது நம்புமா?"

"துண்டு விட்டு வெட்டணும்னு நான் அப்பவே சார்கிட்ட சொன்னேன்" என்றார் பைண்டர்.

"அப்படி ஒரு பேச்சு கோப்புல இல்லையே" என்றார் அதிகாரி, உண்மையாகவே கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

பைண்டர் மேஜையிலிருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். மடித்தார். மடிப்பில் ஊசியும் நூலும் ஓட்டினார். அவர் சட்டைப்பையில் அவை எப்போதும் இருக்கும். "இப்ப பாருங்க, ரெண்டு பக்கமும் பத்திரமா நிக்குதா?" என்று கேட்டு, கத்தியால் ஒரு பாதியை மடிப்போடு அறுத்தார். மறுபாதி நூலிலிருந்து நழுவி மில்காரரின் மடியில் விழுந்தது.

அறையில் இருந்த நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை என்று டீச்சருக்குத் தோன்றியது. 

மில்காரர் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் நீங்கதானே செஞ்சீங்க?" என்றார்.

"ஆமா, காட்டறதுக்காக…"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒருத்தர் செஞ்சாத்தான் விழுது."

"இது அவங்களோட கோட்பாடு, அவ்வளவுதான்" என்றார் அதிகாரி. கோப்பைத் திறந்து, தட்டச்சு செய்த ஒரு தாளை மேஜையில் வைத்தார். டீச்சரைப் பணியிலிருந்து நீக்கும் உத்தரவு. பெயர் இருந்தது, காரணம் இருந்தது, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "வேணும்னு செஞ்சது யாருன்னு தெரியாத வரைக்கும் பொறுப்பு டீச்சருக்குத்தான் வரும். வேற வழி எனக்கும் தெரியல."

பைண்டர் அந்தத் தாளையே பார்த்தார். அதற்கப்புறம் மனைவியைப் பார்த்தார். டீச்சர் இன்னும் பேசத் தயாராக இருந்தார். ஈரப்பதம், பசையின் குணம், இன்னொரு முறை செய்து காட்டுவது, வரிசையாக வைத்திருந்தார். அவருக்கு இந்த அறையில் நம்பிக்கை இருந்தது. அதுதான் பைண்டருக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க" என்றார்.

"என்ன?"

"நான்தான் செஞ்சேன். வேணும்னேதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது. மில்காரர் நாற்காலியில் சாய்ந்து, "அதானே!" என்றார், தொலைந்த சாவி கிடைத்த மாதிரி.

"ஏங்க, என்ன உளர்றீங்க?" டீச்சர் எழுந்துவிட்டார். "சார், இது பொய். இவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, பாருங்க மூஞ்சியை!"

"நீ உக்காரு."

"என்ன காரணம்?" என்று கேட்டார் அதிகாரி, பேனாவைத் திறந்து.

பைண்டர் காரணம் யோசித்து வைத்திருக்கவில்லை.

"கோவம்."

"யார் மேல?"

சுற்றிலும் பார்த்தார். யாரைச் சொன்னாலும் வம்பு.

"புத்தகத்து மேல."

அதிகாரி எழுதிக்கொண்டார். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. பைண்டருக்கு இனி எந்தப் பள்ளிக்கூட வேலையும் கிடையாது. டீச்சர் வேலையில் நீடிப்பார். ஆனால் நடந்தது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று வகுப்பில் தன் வாயால் அறிவிக்க வேண்டும், கேட்பவர்களுக்கும் அதையே சொல்ல வேண்டும். நாலாயிரத்து இருநூறு புத்தகத்தில் சிறுநீரகம் இல்லாததால், இந்த ஆண்டுத் தேர்விலிருந்து சிறுநீரகமும் நீக்கப்படுகிறது. மாணவர்கள் பாதிக்கப்படக் கூடாது என்பதில் துறை எப்போதும் கவனமாக இருந்தது.

வெளியே வந்ததும் விஷயம் கேட்ட அக்கா, தெரு என்றும் பார்க்கவில்லை.

"வேணும்னு செஞ்சியா? எதைடா செஞ்சே? ஒட்டினது நான். ஒவ்வொண்ணா, கும்பிட்டு ஒட்டினேன். ஈரம் பிடிக்க விடல. அவ்வளவுதான். அந்தப் படைச்சவருக்கே தெரியும் அது. அவர் பேரைச் சொல்றவங்களுக்குத் தெரியாதா?"

"விடுக்கா."

"எதை விட? கூப்பிடறோம்னாங்க, கூப்பிடவே இல்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா மழைன்னு சொல்லியிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டார். மூன்று டம்ளரில் ஊற்றினார். பைண்டர் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பிரஸ் காலியாக, வாயைத் திறந்தபடி நின்றது.

"உன் வேலையாவது நிக்கட்டுமேன்னுதான்" என்றார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் டீச்சர். "எலும்பைக் காட்டி, படத்தைக் காட்டி, கையைத் தடவிப் பாக்கச் சொல்லி… ஒருத்தரை நம்ப வைக்க முடியல என்னால. நீங்க ஒரே நிமிஷத்துல நம்ப வச்சுட்டீங்க."

"கோவப்படாதே."

"கோவம் இல்லைங்க. தெரிஞ்சுக்கறேன்."

தேநீரில் சர்க்கரை போடவில்லை என்பதை மூன்று பேருமே கவனித்தார்கள். அப்படியே குடித்தார்கள்.

மறுநாள் முதல் பிரிவேளை பத்தாம் வகுப்பு. மழை விட்டிருந்தது, ஜன்னல் கம்பிகளில் துளிகள் மட்டும் மிச்சம். நாற்பத்து மூன்று பேர் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் வராந்தாவில், அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றார். டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். நடந்தது தற்செயல் அல்ல. வேண்டுமென்றே ஒருவர் செய்தது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். வழக்கமாக வாயைத் திறக்காதவள். செருப்புத் தைப்பவரின் மகள்.

"என்ன?"

"டீச்சர், நான் பதினோரு புத்தகம் வாங்கிப் பாத்தேன்." அவள் நோட்டைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள். அதில் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தது. "எல்லாத்துலயும் ஒட்டின எடத்துல பூஞ்சை இருக்கு டீச்சர். முதல் வாரம் விழுந்த புத்தகத்துல நெறைய, கடைசியா விழுந்ததுல கொஞ்சம். அலமாரில மேல இருந்த ரெண்டு இன்னும் விழவே இல்ல. ஈரத்துல பசை பிடிக்கலன்னுதானே அர்த்தம்? யாரும் வேணும்னு செஞ்ச மாதிரி தெரியல டீச்சர். எங்கப்பாகிட்டயும் காட்டினேன். அவரும் ஈரம்தான்னு சொன்னார்."

வகுப்பு திரும்பி அவளைப் பார்த்தது. வராந்தாவில் தலைமையாசிரியர் பலகையைப் படிப்பதை நிறுத்தினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கட்டத்தை யாரும் கேட்காமலே போட்டுக் கொண்டுவந்த பிள்ளை அவளுக்கு முன்பு யாரும் இல்லை. டீச்சர் அந்த நோட்டைத் தூரத்திலிருந்தே பார்த்தார். பதினோரு வரிசை. தேதி, அடைப்புக்குறியில் அலமாரித் தட்டு, பூஞ்சையின் அளவு. எல்லாம் சரியாக இருந்தது.

"இல்ல" என்றார். "அது தப்பு. உக்காரு."

அந்தப் பெண் உடனே உட்காரவில்லை. தான் எங்கே தப்பு செய்தோம் என்று நோட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். மற்ற நாற்பத்திரண்டு பேரும் டீச்சர் படித்ததை எழுதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் எழுதினாள்.